பையை இறக்கி வைக்கும் இடம்

மகள் வீட்டைவிட்டுக் கிளம்பிய அன்று மலையில் கடும் உறைபனி. புல், வேலி, துணி காயப்போடும் கம்பி எல்லாம் வெள்ளை பூத்துக் கிடந்தன. அவளுடைய அப்பா விடியுமுன்பே தண்ணீர்க் குழாயை இழுத்துக்கொண்டு உருளைக்கிழங்கு வயலில் இறங்கிவிட்டார். வெயில் வந்து படுவதற்குள் செடிகளின் மேலிருக்கும் பனியைத் தண்ணீர் விட்டுக் கழுவியாக வேண்டும். விட்டுவிட்டால் மதியத்துக்குள் இலைகள் நெருப்பில் காட்டியதுபோல் கருகிவிடும். அதனால் மகளை வழியனுப்ப அவரால் பஸ் நிறுத்தம் வரை வர முடியவில்லை. வரப்பில் நின்றபடியே, “போய்ச் சேந்ததும் ஒரு போன் போடு பாப்பா” என்றார். தண்ணீர் தன் காலிலேயே கொட்டிக்கொண்டிருந்தது அவருக்கு உறைக்கவில்லை.

“அப்பா, கால்” என்றாள் மகள்.

“ம்” என்று சொல்லிவிட்டு அவர் அப்படியே நின்றார்.

அம்மா கூட வந்தாள். ஆனால் வழியனுப்பத்தான் வந்தாள் என்று முழுசாகச் சொல்லிவிட முடியாது. அவள் எப்படியும் தினமும் காலையில் அந்த நிறுத்தத்துக்கு வருகிறவள். கீழேயிருந்து ஏறி வரும் முதல் பஸ் அங்கேதான் திரும்பும். ஊர் பார்க்க வந்தவர்கள், உடம்பு தேற வந்தவர்கள், கல்யாணமான புதுசில் வந்தவர்கள், வீட்டில் கோபித்துக்கொண்டு வந்தவர்கள் எல்லாரும் அந்த பஸ்ஸிலிருந்துதான் கால் மரத்துப்போய் இறங்குவார்கள். அவர்களில் தங்க இடம் பார்த்து வைக்காதவர்களைக் கண்டுபிடித்துத் தன் பண்ணை வீட்டுக்கு அழைத்துப் போவது அவள் வேலை. வீட்டில் மூன்று அறைகளை வாடகைக்கு விட்டிருந்தாள். அந்த மலையில் அவளுக்கு ரூமக்கா என்று பெயர். சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் தபால்காரர்கூடக் கொஞ்சம் யோசிப்பார்.

பஸ் வந்து திரும்பி நின்றது. கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டே குரல் கொடுத்தார்.

“ரூமக்கா, கைக்குழந்தையோட ஒரு ஜோடி கொண்டாந்திருக்கேன். அடிவாரத்துலேருந்து அது வாயை மூடல. இனிமே உங்க காது பாடு.”

இறங்கிய ஜோடி சின்ன வயசு. அவன் இரண்டு கையிலும் பைகள். அவள் இருந்த சால்வை எல்லாவற்றையும் குழந்தைக்குச் சுற்றிவிட்டுத் தான் நடுங்கிக்கொண்டிருந்தாள். ரூமக்காவின் கண் தானாகவே வேலையை ஆரம்பித்துவிட்டது.

“ரூம் ஏதும் பாத்து வெச்சிருக்கீங்களா?”

“இல்லைங்க. குழந்தைக்கு இந்தக் குளிர் ஒத்துக்குமான்னே பயமா இருக்கு.”

“குளிர் ஒத்துக்கும். ரூம்தான் ஒத்துக்கணும்” என்று சொல்லிக்கொண்டே சால்வைக்குள் கையை விட்டுக் குழந்தையின் பாதத்தைத் தொட்டுப் பார்த்தாள். சில்லென்றிருந்தது.

பின்னாலிருந்து மகளின் குரல் கேட்டது. “அம்மா, நான் ஏறிட்டேன்.”

“இருடி, ஒரு நிமிஷம்” என்றாள் திரும்பாமலே. குழந்தையின் இன்னொரு காலையும் பார்க்க வேண்டியிருந்தது. வெயில் ரூம்தான் சரி என்று அவள் மனசுக்குள் முடிவு ஓடியது. அதே நேரம் ஹார்ன் சத்தம் கேட்டது. அவள் திரும்பியபோது பஸ்ஸின் முதுகுதான் தெரிந்தது. ஜன்னல் கண்ணாடி எல்லாம் மூடி, உள்ளே ஆள் விட்ட மூச்சில் வெளுத்திருந்தது. ரூமக்கா கையைத் தூக்கினாள். எந்த ஜன்னலைப் பார்த்துத் தூக்குவது என்று தெரியாததால் பாதியில் நிறுத்திவிட்டாள்.

மறுநாள் கண்டக்டரிடம் கேட்டாள். “பாப்பா கை காட்டுச்சா?”

“காட்டுச்சுக்கா. முதல் வளைவு வரைக்கும் காட்டிட்டே இருந்துச்சு.”

அவர் பொய் சொல்லும்போது தன் தோள்பையில் எதையாவது தேடுவார். அன்றைக்கு வெகு நேரம் தேடினார்.

*

ரூமக்கா அந்த மலையில் பிறந்தவள் இல்லை. கீழே, வெக்கையில் பிறந்து வளர்ந்து, கல்யாணமாகி மேலே வந்தவள். வந்த முதல் வருஷம் குளிர் தாங்காமல் அழுதுகொண்டே இருந்தாள். கணவர் அதிகம் பேசாத மனிதர். ஒருநாள் அவளுடைய படுக்கையைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டின் பின்பக்கம் நடந்தார். அங்கே விதைக்கிழங்கு சேர்த்து வைக்கும் அறை இருந்தது. முழங்கை நீளத்துக்குத் தடித்த மண்சுவர், குனிந்து நுழையும் வாசல், ஜன்னல் கிடையாது. சுவரோரம் மரத் தட்டுகளில் கிழங்கு பரப்பியிருக்கும். தரையில் காய்ந்த புல். அதன்மேல் படுக்கையை விரித்தார்.

“என்னங்க இது, கிழங்கோடயா படுக்கறது?”

“இந்த வீட்டுலயே கிழங்குக்குத்தான் நல்ல இடம் கட்டியிருக்கு. கிழங்கு உறைஞ்சா பொழப்பு போச்சு. நாம உறைஞ்சா போர்வை போட்டுக்கலாம்னு விட்டுட்டாங்க.”

அதுவரை அவர் பேசியதிலேயே நீளமான பேச்சு அது. அவளுக்குச் சிரிப்பு வந்தது. அன்றைக்குத்தான் மலைக்கு வந்தபிறகு முதல் தடவையாக விடியும்வரை தூங்கினாள்.

மகள் பிறந்து கொஞ்ச காலத்தில் ஒரு ஆலங்கட்டி மழை முட்டைக்கோஸ் வயலைச் சல்லடையாக்கிவிட்டது. அந்த வாரம் வண்டி பழுதாகி நின்ற ஒரு குடும்பம் கதவைத் தட்டியது. கிழக்குப் பார்த்த நல்ல அறையை அவர்களுக்கு ஒழித்துக் கொடுத்துவிட்டு இவர்கள் கிழங்கறையில் படுத்துக்கொண்டார்கள். போகும்போது அந்தக் குடும்பம் கொடுத்ததை வாங்க ரூமக்காவின் கை கூசியது. கூசினாலும் வாங்கியது. அறை வாடகை அப்படித்தான் தொடங்கியது. அந்த வருஷத்தை அதுதான் தள்ளிவிட்டது.

அறைகளுக்கு அவளே பெயர் வைத்தாள். கிழக்குப் பார்த்தது வெயில் ரூம். சூரியன் எழுந்ததும் நேராகக் கட்டிலில் வந்து உட்காரும். மேற்கே ஓடையை ஒட்டியிருந்தது ஓடை ரூம். சத்தம் நன்றாக இருக்கும், சுவர் கொஞ்சம் ஓதம். சமையலறைப் புகைபோக்கிக்கு முதுகு காட்டியிருந்தது அடுப்பு ரூம். கதகதப்பு உண்டு, புகை வாசனையும் உண்டு.

அந்த மலையில் அறை காட்டுகிறவர்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. முதலில் இருப்பதிலேயே மோசமான அறையைத் திறந்து காட்டுவார்கள். வந்தவர்கள் முகம் சுருங்கும். அடுத்து ஒன்று, அதற்கடுத்து ஒன்று என்று ஏற்றிக்கொண்டே போனால் கடைசி அறையைக் கேட்ட வாடகைக்குப் பிடித்துக்கொள்வார்கள். ரூமக்கா அப்படிச் செய்யவில்லை. வந்தவர்களை முற்றத்தில் நிற்க வைத்து, “இருங்க, டீ கொண்டாறேன்” என்று உள்ளே போய்விடுவாள். சமையலறை ஜன்னல் வழியாக, அவர்கள் பையை எங்கே இறக்கி வைக்கிறார்கள் என்று பார்ப்பாள். அவ்வளவுதான். டீயோடு வரும்போது எந்த அறைச் சாவியை எடுத்து வர வேண்டும் என்று முடிவாகியிருக்கும்.

“வாயால அவங்க என்ன வேணா கேப்பாங்க” என்பாள் கணவரிடம். “ஜன்னல் வேணும், ஓடை வேணும், மலை தெரியணும்பாங்க. பையை இறக்கறப்ப யோசிக்க மாட்டாங்க பாருங்க, அதான் கணக்கு.”

ஒரு தடவை ஒரு பெரியவர் தனியாக வந்தார். யார் தொந்தரவும் இல்லாத அறை வேண்டும், ஒரு சத்தமும் கேட்கக் கூடாது என்று கறாராகச் சொன்னார். ஆனால் பையைக் கொண்டுபோய் சமையலறை வாசலில் வைத்தார். ரூமக்கா அடுப்பு ரூமைக் கொடுத்தாள். தங்கியிருந்த நாளெல்லாம் மனிதர் சமையலறையிலேயே உட்கார்ந்து கேரட் தோல் சீவிக்கொண்டு, சமீபத்தில் இறந்துபோன மனைவியைப் பற்றிப் பேசித் தீர்த்தார். இன்னொரு தடவை புதுசாகக் கல்யாணமான இரண்டு பேர் முற்றத்தின் இந்த மூலையில் ஒரு பை, அந்த மூலையில் ஒரு பை என்று வைத்தார்கள். “இவங்களுக்கு ஓடை ரூம்தான்” என்றாள். “சண்டை போட்டா வெளியில கேக்காது. சமாதானம் ஆனாலும் கேக்காது.” கணவர் டீ புரையேறும்வரை சிரித்தார்.

சீசன் வந்துவிட்டால் மூன்று அறையும் நிறைந்துவிடும். குடும்பம் கிழங்கறைக்கு நகரும். மகள் நடுவில், அம்மா ஒரு பக்கம், அப்பா ஒரு பக்கம். மகளுக்குக் கொஞ்சம் விவரம் தெரிந்ததும் ரூமக்காவுக்கு அது உறுத்த ஆரம்பித்தது. ஒருநாள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்த மகள், “நீங்கல்லாம் கிழங்கோடயா தூங்குவீங்கன்னு கேக்கறாங்கம்மா. ஆமா, கிழங்கு எங்களை மாதிரி குறட்டை விடாதுன்னு சொன்னேன்” என்று சொல்லிவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். ரூமக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. வந்தவன் போனவனுக்கெல்லாம் வெயில் ரூம், பெற்ற பெண்ணுக்கு மண் தரையா என்று அன்று முழுக்கப் பாத்திரங்களிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அதனால் சீசன் இல்லாத மாதங்களில் வெயில் ரூமை மகளுக்கு ஒழித்துக் கொடுத்தாள். நல்ல போர்வை, படிக்க மேஜை எல்லாம் போட்டாள். மகளுக்கோ ஒழுங்கு வரவில்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையைக் கிழங்கறை வாசலில் தொப்பென்று போட்டுவிட்டு உள்ளே போய்ப் புல்மேல் மல்லாந்துகொள்வாள். “பையை மண்ணுல போடாதேன்னு எத்தனை தடவைடி சொல்றது? உனக்குன்னு மேஜை வாங்கிப் போட்டிருக்கேன்ல?” என்று திட்டிக்கொண்டே ரூமக்கா அதை எடுத்துத் தட்டி, வெயில் ரூமில் கொண்டுபோய் வைப்பாள். கல்லூரிக்குப் போன பிறகும் விடுமுறைக்கு வந்தால் இதே கதைதான். பை மட்டும் பெரிதாகியிருந்தது.

படிப்பு முடிந்து வேலைக்குக் காத்திருந்த சமயம், சீசன் இல்லாத காலத்தில் ஒரு கூட்டம் வந்துவிட்டது. ரூமக்கா வழக்கம்போல வெயில் ரூம் வாசலில் நின்று, “பாப்பா, கொஞ்சம் ஒழிச்சுக் குடு. பெரியவங்க இருக்காங்க, அவங்களுக்கு வெயில் வேணும்” என்றாள்.

மகள் அப்போதுதான் துணிகளை அலமாரியில் அடுக்கி முடித்திருந்தாள். “இதோட எத்தனையாவது தடவைம்மா? வர்றவங்க எல்லாருக்கும் ஒரு ரூம் பாத்துக் குடுக்கற. எனக்கு எந்த ரூம்?”

“வீடே உன்னுது. உனக்கு எதுக்குடி தனியா ரூம்?”

இதை அவள் சண்டையாகச் சொல்லவில்லை. அவசரத்தில் சொன்னாள். மகள் துணிகளை எடுத்துப் பையில் போட்டாள். விரிப்பை மாற்றினாள். வரப்போகிறவர்களுக்காகத் தலையணை உறையைச் சுருக்கமில்லாமல் நீவிவிட்டாள். கூலிக்கு வந்தவள்கூட அவ்வளவு நன்றாகச் செய்திருக்க மாட்டாள். ரூமக்காவுக்கு அதைப் பார்த்தபோது ஏதோ போலிருந்தது. பெரியவர்களுக்கு வெந்நீர் கேட்டு முற்றத்திலிருந்து குரல் வந்ததால் போய்விட்டாள்.

அதன்பிறகு சீக்கிரமே மகளுக்கு வேலை கிடைத்தது. தூரத்து நகரம். உறைபனி பெய்த காலையில் பஸ் ஏறினாள்.

*

கைக்குழந்தையோடு வந்த ஜோடி வெயில் ரூமில் தங்கி, குழந்தை வீட்டில்கூட இப்படித் தூங்கியதில்லை என்று வாய் நிறையச் சொல்லிவிட்டுப் போனார்கள். அவர்கள் போனதும் ரூமக்கா அறையைக் கூட்டிப் பெருக்கினாள். கதவைப் பூட்டிச் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

அடுத்த பஸ்ஸில் ஆள் வந்தபோது அந்தச் சாவி வெளியே வரவில்லை. அதற்கடுத்த பஸ்ஸுக்கும் வரவில்லை. சீசன் தொடங்கிய பிறகும் வரவில்லை.

“சீசன்ல போய் நல்ல ரூமைப் பூட்டி வெச்சா எப்படி?” என்று கணவர் கேட்டார்.

“அது பாப்பா ரூம்.”

“பாப்பா அங்கல்ல இருக்கா.”

“வருவால்ல? வந்து நின்னா இந்தத் தடவையும் ஒழிச்சுக் குடுன்னு சொல்லுவேனா?”

அவர் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு, அதன் காம்பு ஆடுகிறதா என்று பார்ப்பதுபோல் நின்றுவிட்டு வயலுக்குப் போனார்.

ஒரு குளிர்காலத்தில் நெஞ்சில் அறுவை சிகிச்சை செய்துகொண்டு தேறி வந்த ஒருவர் மனைவியோடு வந்தார். முற்றத்தில் டீக்காகக் காத்திருந்தபோது அவர் பையை வெயில் ரூம் கதவுக்கு எதிரே, வெயில் விழுந்திருந்த கட்டத்துக்குள் இறக்கி வைத்தார். ரூமக்கா ஜன்னல் வழியாகப் பார்த்தாள். பார்க்காததுபோல் இன்னொரு தடவை பார்த்தாள். பிறகு ஓடை ரூம் சாவியோடு வெளியே வந்தாள்.

விடியற்காலை பால் காய்ச்ச எழுந்தபோது ஓடைச் சத்தத்தையும் மீறி இருமல் கேட்டது. பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பால் பொங்கி வழிந்து அடுப்பை அணைத்தது.

அவர்கள் சொன்ன நாளுக்கு முன்பே கிளம்பினார்கள். அந்த அம்மாள் கோபப்படவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

“அந்தப் பூட்டின ரூம்ல யாரும்மா இருக்காங்க?”

“என் பொண்ணு ரூம்ங்க.”

“ஓ. வெளியில போயிருக்காளா?”

“ஆமாங்க.”

“எப்ப வருவா?”

ரூமக்கா அவர்களுடைய பையைத் தானே தூக்கிக்கொண்டு பஸ் நிறுத்தம் வரை நடந்தாள். அந்த மலையில் அவள் ஒருவரைத் தப்பான அறையில் வைத்தது அதுதான் முதல் தடவை. அதே மலையில் லாட்ஜ் வைத்து, மோசமான அறையை முதலில் காட்டும் மீசைக்காரர் ஒருவருக்கு விஷயம் எட்டி, “ரூமக்காவுக்கும் இப்ப நம்ம வித்தை தெரிஞ்சு போச்சு போல” என்று டீக்கடையில் சொன்னாராம். வழக்கமாக இப்படி ஒரு பேச்சு காதில் விழுந்தால் அவரை உண்டு இல்லை என்று பண்ணிவிடுவாள். அன்றைக்குத் தலையைக் குனிந்துகொண்டு கடையைத் தாண்டிப் போனாள்.

மகள் போன் பண்ணாமல் இல்லை. பண்ணினாள். வேலை சரியாக இருக்கிறது, சாப்பாடு பரவாயில்லை, கூடத் தங்கியிருக்கும் பெண் லைட்டை அணைக்கவே விட மாட்டேன் என்கிறாள், வேறு அறைக்கு மாறிவிட்டேன், அதுவும் சரியில்லை, மறுபடி மாறிவிட்டேன் என்று சொல்வாள். போனை வைக்கும் முன் தவறாமல், “கிழங்கெல்லாம் எப்படிம்மா இருக்கு?” என்று கேட்பாள். “அதை உங்க அப்பாவைக் கேளு” என்று ரூமக்கா போனை அவரிடம் கொடுத்துவிடுவாள். அவர், “இருக்கு பாப்பா, முளை விட்டிருக்கு” என்பார்.

“எப்ப வர?” என்று கேட்டால், “லீவு பாத்துட்டு வரேம்மா” என்பாள். அடுத்த தடவையும் அதையேதான் சொல்வாள்.

வெயில் ரூமில் என்ன குறை என்று ரூமக்கா யோசித்தாள். கட்டிலை மாற்றினாள். திரை போட்டாள். பிறகு ஒருநாள் மீசைக்காரரின் லாட்ஜில் அறைக்குள்ளேயே பாத்ரூம், சுவரில் ஹீட்டர் எல்லாம் வைத்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டாள். நகரத்தில் இருந்து பழகியவளுக்கு முற்றத்தைத் தாண்டிக் குளிருக்குள் நடந்து போய்க் குளிப்பது எவ்வளவு கஷ்டம் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. வெயில் ரூமின் பின்சுவரும் கிழங்கறையின் சுவரும் ஒன்றே. சுவரில் ஒரு கதவு வைத்துவிட்டால் கிழங்கறை பாத்ரூம் ஆகிவிடும்.

இதைச் சொன்னபோது கணவர் வயலிலிருந்து வந்து கைகூடக் கழுவியிருக்கவில்லை.

“கிழங்கை எங்க வைக்கறது?”

“வாடகைக் கிடங்குல வைங்க. எல்லாரும் அங்கதான வைக்கறாங்க.”

“அங்க ஈரம்.”

“நம்ம பொண்ணு பெருசா, கிழங்கு பெருசா? இனிமே இந்த வீட்டுல ஒருத்தரும் மண்ணுல படுக்கக் கூடாது.”

அவர் வாசல் நிலையைக் கையால் தடவிக்கொண்டு நின்றார். “பாப்பாவை ஒரு வார்த்தை கேட்டுக்கலாமா?”

“கேக்கறதுக்கு என்ன இருக்கு? பாத்ரூம் வேணாம்னு யாராவது சொல்வாங்களா? வந்து பாக்கட்டும். அதுவரைக்கும் நீங்க வாயை விட்டுடாதீங்க.”

“எனக்கு வாய் எங்க இருக்கு, விடறதுக்கு” என்றார்.

மரத் தட்டுகளை அவரே பிரித்தார். கொத்தனார் உதவிக்கு ஆள் அனுப்புகிறேன் என்றபோதும் வேண்டாம் என்றுவிட்டார். புல்லை அள்ளி வெளியே போட்டபோது அதற்கடியில் ஒரு பழைய ஹேர்பின் கிடந்தது. மண்ணைத் துடைத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். மண்சுவர் லேசில் விழவில்லை. பாதி இடித்து, பாதியில் சிமெண்ட் பூசி, கழுத்து உயரத்துக்கு வெள்ளை டைல்ஸ் ஒட்டினார்கள். கூரையை உயர்த்தினார்கள். இனி யாரும் குனிந்து நுழைய வேண்டியதில்லை. ஹீட்டர் வந்தது. குழாயைத் திருப்பியதும் ஆவியோடு வெந்நீர் கொட்டியதைப் பார்த்து ரூமக்கா கையை வைத்தபடி வெகு நேரம் நின்றாள். வாசனை சோப்பு ஒன்றை வாங்கி, காகிதம் பிரிக்காமல் மாடத்தில் வைத்தாள்.

அதற்கப்புறம் போனில் மகள், “கிழங்கெல்லாம் எப்படிம்மா இருக்கு?” என்று கேட்டால், “நல்லா இருக்கு, நல்லா இருக்கு. நீ வந்து பாரு” என்று தானே சொல்லிவிடுவாள். அவரிடம் போன் போகாது.

காலம் போனது. மகள் வரவில்லை. ஒரு தடவை டிக்கெட்கூட எடுத்துவிட்டாள். கிளம்பும் சமயத்தில் அலுவலகத்தில் விடவில்லை. ரூமக்கா வாரா வாரம் வெயில் ரூமைத் திறந்து போர்வைகளை வெயிலில் போட்டு எடுத்தாள். சோப்பின் காகிதம் பழுத்தது. ஒரு மழைக்காலத்துக்குப் பிறகு கட்டிலுக்குத் தலைமாட்டில் சுவர் கறுத்து, பூசணம் பூத்திருந்தது. அதுவரை காற்றையும் ஈரத்தையும் முதுகில் வாங்கிக்கொண்டிருந்தது அந்தத் தடித்த மண்சுவர்தான் என்று கொத்தனார் சொன்னார். ரூமக்கா கறையைத் துணியால் துடைத்தாள். அடுத்த வாரம் அது மறுபடி வந்தது. மறுபடி துடைத்தாள். கிடங்கில் வைத்த விதைக்கிழங்கும் ஒரு வருஷம் பாதி அழுகிப்போனது. கணவர் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அவர் ஏதாவது சொல்லியிருந்தால் தேவலை என்று அவளுக்கு இருந்தது.

*

மகளிடமிருந்து செய்தி வந்த காலையிலும் ரூமக்கா பஸ் நிறுத்தத்தில்தான் நின்றிருந்தாள். முழங்கால் வலி வந்துவிட்டதால் இப்போதெல்லாம் வேலிக்கல்லில் சாய்ந்துகொண்டுதான் நிற்பாள். கண்டக்டருக்கு மீசை நரைத்துவிட்டது. குரல் மட்டும் அப்படியே இருந்தது.

“ரூமக்கா, ஒரு குடும்பமே கொண்டாந்திருக்கேன். நாலு பேருக்கு நாப்பது பை. எந்தப் பையைப் பாத்துக் கணக்குப் போடுவீங்களோ.”

அவள் நிமிர்ந்தாள். அதே சமயம் மடியில் சுருட்டி வைத்திருந்த போன் அதிர்ந்தது. மகளிடமிருந்து ஒரு குரல் பதிவு. மகள் எப்போதும் கூப்பிடுவாளே தவிர, இப்படிப் பேசி அனுப்பியதில்லை.

“ரூம் இருக்காம்மா?” என்று குடும்பத்துக்காரர் கிட்டே வந்து கேட்டார். சின்னக் குழந்தை ஒன்று அவர் காலைக் கட்டிக்கொண்டிருந்தது.

“இருங்க, ஒரு நிமிஷம்” என்றாள் ரூமக்கா. அந்த ஒரு நிமிஷத்தை வந்தவரிடம் கேட்டுவிட்டு, அவருக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டு போனைக் காதில் வைத்தாள்.

“அம்மா, நான்தான். பதறாத, நல்லாத்தான் இருக்கேன். போன்ல நேரா பேசினா நீ நடுவுல நடுவுல பேசுவ, எனக்குச் சொல்ல வராது, அதான். இங்க தனியா ஒரு வீடு பாத்துட்டிருக்கேன். நேத்து புரோக்கர் ஒண்ணு கூட்டிட்டுப் போனார். நல்ல வீடு. நல்ல வெயில். அவர் ஜன்னல் ஜன்னலா திறந்து காட்டறார், நானும் பாக்கறேன். எல்லாம் பாத்துட்டுக் கிளம்பலாம்னா என் பையைக் காணோம். தேடறேன், தேடறேன். கடைசியில பாத்தா அந்த வீட்டுல சாமான் போட்டு வைக்க ஒரு இருட்டு ரூம் இருக்கு, அது வாசல்ல வெச்சிருக்கேன். எப்ப வெச்சேன்னே தெரியல. புரோக்கர் சிரிக்கறார். எனக்கு அங்கேயே அழுகை வந்துடுச்சும்மா. உன் கணக்கு ஞாபகம் வந்துடுச்சு. நீ எத்தனை பேரைப் பாத்திருப்ப. சரி, அது கிடக்கட்டும். லீவு கிடைச்சிருக்கு. நிஜமாவே. இந்தத் தடவை விட்டுட்டாங்க. வர்ற வெள்ளிக்கிழமை முதல் பஸ்ல வரேன். வெயில் ரூமை எனக்காகப் பூட்டி வெச்சிருக்கறதா அப்பா முன்னாடி ஒரு தடவை சொன்னார். அதைத் திறந்து யாருக்காவது குடும்மா, பாவம், குளிர்ல வர்றவங்க. எனக்கு அது ஒருநாளும் தூக்கம் வந்த ரூம் இல்ல. அன்னிக்கு எந்த ரூம்னு நான் கேட்டது வேற ரூம் வேணும்னு இல்லம்மா. வர்றவங்களைப் பாக்கற மாதிரி நீ என்னையும் பாத்துச் சொல்லுவன்னு கேட்டேன். விடு. இங்க எத்தனை ரூம் மாத்திட்டேன், ஒண்ணுலயும் சரியா தூங்கல. கிழங்கறையில பழைய இடத்துலயே புல்லு போட்டு வெய்யி. நடுவுல. நீ அந்தப் பக்கம், அப்பா இந்தப் பக்கம். அங்க வந்து நாள் பூராத் தூங்கப் போறேன். கிழங்கெல்லாம் எப்படி இருக்கு?”